வீசையிலிருந்து மோலுக்கு: வேதியியல் கணக்கில் அலகு மாற்றுவது எப்படி

வேதியியல் கணக்கில் தடுக்கி விழுகிற பிள்ளைகள் பலருக்கு வேதியியல் தெரியாமல் இல்லை. சமன்பாட்டைச் சரியாகச் சமப்படுத்துவார்கள், மோலார் நிறையைக் கூட்டி எடுப்பார்கள். (மோல் என்பது துகள்களை எண்ணுகிற ஒரு பெரிய கட்டு, டஜன் மாதிரி; ஒரு மோல் பொருள் எத்தனை கிராம் என்பதுதான் மோலார் நிறை.) அப்புறம் உப்பின் மோலார் நிறையான 58.44 ஆல் பெருக்குவதா வகுப்பதா என்ற இடத்தில் பேனா நின்றுவிடும். சிலர் இரண்டையும் செய்து பார்த்து, எந்த விடை "அழகாக" இருக்கிறதோ அதை எழுதிவிடுகிறார்கள். அந்த ஊகத்தை ஒழிக்கத்தான் பரிமாணப் பகுப்பாய்வு என்கிற முறை இருக்கிறது. பெயர்தான் பெரிது. எண்ணை எழுதும்போதெல்லாம் அதன் அலகையும் கூடவே எழுதுவது, அலகையும் எண்ணைப் போலவே மேலும் கீழும் அடிப்பது, இவ்வளவுதான் விஷயம்.

பர்மாவில் வளர்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது எளிதாக வர வேண்டும். அலகு மாற்றாமல் இங்கே ஒரு நாள் கழியாது. வெங்காயமும் மீனும் வீசையில் வாங்குகிறோம். தங்கம் கியாட்தாவில். அரிசி பியியில், பியி இல்லாவிட்டால் கண்டென்ஸ்டு மில்க் டப்பாவில்: எட்டு டப்பா ஒரு பியி, பதினாறு பியி ஒரு கூடை. நிலம் ஏக்கரில், சாலைக் கல் மைலில், காய்ச்சல் பாரன்ஹீட்டில். சர்வதேச அலகு முறைக்கு மாறத் தயாராகிறோம் என்று வர்த்தக அமைச்சகம் 2013 அக்டோபரில் அறிவித்தது. சந்தை இன்னும் தன் பாட்டுக்கு வீசையில்தான் நிற்கிறது. ஆய்வகத்துக்குள் நுழைந்தால் கிராமும் லிட்டரும் மோலும். போதாததற்கு மேல்வகுப்பு அறிவியல் புத்தகம் ஆங்கிலத்தில், ஆசிரியர் விளக்குவது பர்மிய மொழியில், வீட்டில் கேட்பது தமிழில். மூன்று மொழியிலும் மாறாமல் இருப்பது பின்னக்கோடு ஒன்றுதான். அதையே பிடித்துக்கொள்வோம்.

ஒன்றுக்குச் சமமான பின்னம்

1 வீசை = 100 கியாட்தா. இரண்டு பக்கமும் ஒரே எடை. ஆகவே ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் வைத்துப் பின்னமாக எழுதினால் அதன் மதிப்பு 1. எதை 1 ஆல் பெருக்கினாலும் அளவு மாறாது, அலகு மட்டும் மாறும். இந்தப் பின்னத்துக்கு மாற்றுக் காரணி என்று பெயர். ஒவ்வொரு சமன்பாட்டிலிருந்தும் இரண்டு காரணிகள் கிடைக்கும்:

(100 கியாட்தா / 1 வீசை), அல்லது (1 வீசை / 100 கியாட்தா)

இரண்டும் சரி. எதை எடுப்பது என்பதை உங்கள் கையில் இருக்கும் அலகு சொல்லும். ஒழிக்க வேண்டிய அலகு மேலே இருந்தால், காரணியில் அது கீழே வர வேண்டும்.

ஒன்று போட்டுப் பார்ப்போம். கடையில் கால் வீசை உப்பு, அதாவது 25 கியாட்தா, வாங்கினீர்கள். எத்தனை கிராம்? பர்மிய வீசை 1.633 கிலோ, நூறில் ஒரு பங்கான கியாட்தா 16.33 கிராம்.

25 கியாட்தா × (16.33 கிராம் / 1 கியாட்தா) = 408 கிராம்

மேலே ஒரு கியாட்தா, கீழே ஒரு கியாட்தா. இரண்டையும் கோடு போட்டு அடியுங்கள். மிஞ்சியது கிராம். கேட்டதும் கிராம். இனி கால்குலேட்டரைத் தொடலாம்.

காரணியைத் தலைகீழாகப் போட்டிருந்தால்?

25 கியாட்தா × (1 கியாட்தா / 16.33 கிராம்) = 1.53 கியாட்தா² / கிராம்

கியாட்தாவின் வர்க்கம் என்று உலகத்தில் எதுவும் இல்லை. 1.53 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் தப்பு கண்ணில் படாது. கூட நிற்கிற அலகுதான் காட்டிக்கொடுக்கிறது. "அலகைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்" என்கிற பழக்கத்தை முதல் வாரத்திலேயே விட்டுவிடச் சொல்வது இதனால்தான். கடைசியில் எழுதுகிற அலகு வெறும் அலங்காரம், அதனால் எந்தத் தப்பையும் பிடிக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தாத்தா காலத்துக் கணக்குப் புத்தகத்தில் வீசை என்று இருந்தால் அது எந்த ஊர் வீசை என்று கேளுங்கள். பழைய சென்னை வீசை 40 பலம், சுமார் 1.42 கிலோ. ரங்கூன் வீசை 1.63 கிலோ. காலனும் அப்படித்தான்: பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர். இங்கே பழக்கத்தில் இருந்தது பிரிட்டிஷ் காலன். இணையத்தில் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் அமெரிக்கக் காலன்.

கணக்கை எடுத்ததும் செய்ய வேண்டியது

முதலில் விடையின் அலகை எழுதுங்கள். விடை தெரியாது, ஆனால் அதன் அலகு கேள்வியிலேயே இருக்கிறது. தாளின் வலது ஓரத்தில் "= ? மோல்" என்று எழுதி வைத்துவிடுங்கள். அப்புறம் இடது ஓரத்தில் கொடுத்திருக்கிற அளவை, அலகோடும் பொருளின் பெயரோடும் எழுதுங்கள். நடுவில் காலி இடம். இந்த அலகிலிருந்து அந்த அலகுக்குப் போக எனக்குத் தெரிந்த சமன்பாடுகள் எவை என்று யோசித்து அந்த இடத்தைக் காரணிகளால் நிரப்ப வேண்டும். ஒரே தாவலில் போக முடியாவிட்டால் இரண்டு, மூன்று காரணிகளைச் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளலாம்.

அதே உப்பு. 25 கியாட்தா உப்பில் எத்தனை மோல் சோடியம் குளோரைடு? (கடை உப்பை இப்போதைக்குத் தூய உப்பு என்றே வைத்துக்கொள்வோம்.) சோடியம் குளோரைடின் மோலார் நிறை 58.44. இது வெறும் எண் இல்லை, ஒரு சமன்பாடு: 1 மோல் சோடியம் குளோரைடு = 58.44 கிராம் சோடியம் குளோரைடு.

25 கியாட்தா × (16.33 கிராம் / 1 கியாட்தா) × (1 மோல் / 58.44 கிராம்) = 6.99 மோல்

பெருக்குவதா வகுப்பதா என்ற கேள்வியே எழவில்லை, பாருங்கள். கிராமை அடிக்க வேண்டுமென்றால் கிராம் கீழே வந்தாக வேண்டும், 58.44 அதோடு ஒட்டிக்கொண்டு தானாகக் கீழே போகிறது. வகுத்தல் அங்கே தானாக நடந்துவிட்டது.

எல்லா அலகும் அடிபட்டுக் கேட்டது மட்டும் மிஞ்சும் வரை எண்களைத் தொடாதீர்கள். முடிந்ததும் ஒரு கண் மதிப்பீடு: ஒரு மோல் உப்பு சுமார் 60 கிராம், 400 கிராமில் ஏழு தடவைக்குக் கொஞ்சம் குறைவாக அடங்கும். சரியாக இருக்கிறது.

அலகு அடிபட்டும் விடை தப்பாகிற இடம்

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் வேகமாகத் தாண்டிப் போகிற இடம் இது. நாம் கொஞ்சம் நிற்போம்.

ஒரு கூடை நெல் 46 பவுண்டு. ஒரு கூடை அரிசி 75 பவுண்டு. கூடை ஒன்றுதான். நெல்லில் உமியும் காற்றும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன, அரிசி நெருங்கி உட்கார்ந்துகொள்கிறது. இப்போது 20 கூடை நெல் எத்தனை கிலோ?

20 கூடை நெல் × (46 பவுண்டு நெல் / 1 கூடை நெல்) × (0.4536 கிலோ / 1 பவுண்டு) = 417 கிலோ நெல்

யாராவது 46க்குப் பதிலாக 75 போட்டால் 680 கிலோ வரும். அலகெல்லாம் ஒழுங்காக அடிபடும், கடைசியில் கிலோவும் மிஞ்சும், விடை மட்டும் முழுத் தப்பு. அலகு அடிபடுவதால் மட்டும் விடை சரியாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தப்பைத் தடுத்திருக்கக் கூடியது ஒன்றுதான்: கூடைக்குப் பக்கத்தில் "நெல்" என்ற சொல். "கூடை நெல்" என்பதும் "கூடை அரிசி" என்பதும் வேறு வேறு அலகுகள். ஒன்றை மற்றது அடிக்க முடியாது.

காரணிகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் நல்லது. ஒரு வகை, எந்தப் பொருளுக்கும் எந்த ஊரிலும் செல்லும்: ஒரு அங்குலம் 2.54 சென்டிமீட்டர், ஒரு பவுண்டு 0.45359237 கிலோ, ஒரு மோலில் 6.02214076 × 10²³ துகள்கள். இவை அளந்து கண்டவை இல்லை, வரையறுத்து வைத்தவை. மோலின் எண்ணும் 2019 மே 20 முதல் அப்படித்தான். மற்ற வகை, ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு மட்டும் செல்லும்: அடர்த்தி, மோலார் நிறை, கரைசலின் செறிவு, சமன்பாட்டில் வருகிற மோல் விகிதம். இரண்டாம் வகையை எழுதும்போது மேலேயும் கீழேயும் பொருளின் பெயர் இல்லாவிட்டால் அந்தக் காரணியை நம்பாதீர்கள்.

அலகு இல்லாமல் திரிந்த ஒரு எண் என்ன செய்யும் என்பதற்கு 1983 ஜூலை 23 அன்று கனடாவில் நடந்தது போதும். ஏர் கனடாவின் 143ஆம் எண் விமானம், போயிங் 767. பயணத்துக்கு 22,300 கிலோ எரிபொருள் வேண்டும். தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். லிட்டரை எடையாக்க 1.77 ஆல் பெருக்கினார்கள், 13,597 வந்தது, கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பதற்கான எண். அலகோடு எழுதியிருந்தால்:

7,682 லிட்டர் × (1.77 பவுண்டு / 1 லிட்டர்) = 13,597 பவுண்டு

கிலோ எங்கேயும் இல்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். சரியான காரணி லிட்டருக்கு 0.803 கிலோ. அதன்படி தொட்டியில் இருந்தது 6,169 கிலோதான். இன்னும் 20,088 லிட்டர் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றியது 4,916 லிட்டர். நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்றுபோக, விமானி காற்றில் மிதக்கவிட்டே கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். யாரும் சாகவில்லை.

கிராமிலிருந்து கிராமுக்கு

ஒரு பொருளின் நிறை தெரியும், அது மாறி உண்டாகிற இன்னொரு பொருளின் நிறை வேண்டும். இதற்கு நேர் வழி கிடையாது. மண்டலேயிலிருந்து மோல்மேன் போகிறவர் பெகுவில் இறங்கி வண்டி மாறுவது போல, மோலில் இறங்கித்தான் பொருள் மாற வேண்டும்.

வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பையே எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட், மோலார் நிறை 100.09. அதைச் சூளையில் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது, அது கால்சியம் ஆக்சைடு, 56.08. அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது, அது கால்சியம் ஹைட்ராக்சைடு, 74.09. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மோலுக்கு ஒரு மோல். 10 வீசை தூய கல்லைச் சுட்டால் எத்தனை வீசை சுட்ட சுண்ணாம்பு?

முதல் தடவை நீளமாகவே போடுங்கள்:

10 வீசை கல் × (1633 கிராம் / 1 வீசை) × (1 மோல் கல் / 100.09 கிராம் கல்) × (1 மோல் சுட்ட சுண்ணாம்பு / 1 மோல் கல்) × (56.08 கிராம் சுட்ட சுண்ணாம்பு / 1 மோல் சுட்ட சுண்ணாம்பு) × (1 வீசை / 1633 கிராம்) = 5.60 வீசை சுட்ட சுண்ணாம்பு

நடுவில் இருக்கிற (1 மோல் சுட்ட சுண்ணாம்பு / 1 மோல் கல்) என்ற காரணியில் எண் 1 தான், எழுதாவிட்டாலும் விடை மாறாது. ஆனாலும் எழுதுங்கள். கல் சுண்ணாம்பாவது அந்த இடத்தில்தான். விகிதம் ஒன்றுக்கு இரண்டாகவோ இரண்டுக்கு மூன்றாகவோ வருகிற கணக்கில் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

அப்புறம் இன்னொன்றைக் கவனியுங்கள். வீசையைக் கிராமாக்க வைத்த 1633 ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே வந்து தானே அடிபட்டுப்போனது. அதாவது 10 × 56.08 / 100.09 என்று நேராகப் போட்டிருந்தாலும் அதே 5.60 தான். வீசையில் தொடங்கி வீசையிலேயே முடிகிற கணக்கில் கிலோவுக்குப் போய்வரத் தேவையில்லை. இது மனப்பாடம் செய்த குறுக்குவழி இல்லை. சங்கிலியை முழுசாக எழுதினால் கண்ணுக்கு எதிரிலேயே தெரிகிறது. மீதி 4.40 வீசை? கார்பன் டை ஆக்சைடாகக் காற்றோடு போய்விட்டது. அந்தச் சுட்ட சுண்ணாம்பை முழுக்க நீற்றினால் 10 × 74.09 / 100.09 = 7.40 வீசை நீற்றுச் சுண்ணாம்பு. கூடுதல் எடை தண்ணீருடையது.

வாய்பாட்டில் இருக்கிற அணு எண்ணிக்கையும் ஒரு காரணிதான். 2015இல் ஜெனீவாவில் ஏலம் போன "சன்ரைஸ் ரூபி" என்ற பர்மியக் கெம்பு 25.59 காரட். ஒரு காரட் 0.2 கிராம். கெம்பு ஏறக்குறைய முழுவதும் அலுமினியம் ஆக்சைடு, மோலார் நிறை 101.96, சிவப்பைத் தருகிற குரோமியம் மிகக் குறைவு, விட்டுவிடலாம். ஒவ்வொரு வாய்பாட்டிலும் இரண்டு அலுமினியம்.

25.59 காரட் × (0.2 கிராம் / 1 காரட்) × (1 மோல் ஆக்சைடு / 101.96 கிராம் ஆக்சைடு) × (2 மோல் அலுமினியம் / 1 மோல் ஆக்சைடு) × (26.98 கிராம் அலுமினியம் / 1 மோல் அலுமினியம்) = 2.71 கிராம் அலுமினியம்

3 கோடி டாலருக்குப் போன கல்லின் எடையில் பாதிக்கு மேல் அலுமினியம்தான். பானை சட்டிக்கு ஆகிற அதே உலோகம்.

அடுக்கு இருந்தால் காரணிக்கும் அடுக்கு

கன அடியை லிட்டராக்கும்போது நிறையப் பேர் விழுகிற குழி இது. மழைநீர் பிடிக்கிற தொட்டி 4 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழம். கொள்ளளவு 24 அடி³. அடி³ என்றால் அடி × அடி × அடி. மூன்றையும் அடிக்க மூன்று காரணி வேண்டும்.

24 அடி³ × (12 அங்குலம் / 1 அடி)³ × (2.54 செ.மீ. / 1 அங்குலம்)³ × (1 லிட்டர் / 1000 செ.மீ.³) = 680 லிட்டர்

அடைப்புக்கு வெளியே உள்ள மூன்றை மறந்தால் அடி² என்று ஒரு மிச்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அடுக்கு எண்ணுக்கும் சேர்த்துத்தான்: 12 என்பது 1728 ஆகும், 2.54 என்பது 16.387 ஆகும்.

தொட்டி நிறைந்துவிட்டது. தெளிவான தண்ணீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கிற பிளீச்சிங் பவுடரின் பையில் "கிடைக்கும் குளோரின் 30%" என்று போட்டிருக்கிறது. சதவீதத்தைக் கண்டு தயங்க வேண்டாம். 30% என்றால் 100 கிராம் பவுடரில் 30 கிராம் குளோரின். அதுவும் ஒரு காரணி.

680 லிட்டர் தண்ணீர் × (2 மி.கி. குளோரின் / 1 லிட்டர் தண்ணீர்) × (1 கிராம் / 1000 மி.கி.) × (100 கிராம் பவுடர் / 30 கிராம் குளோரின்) = 4.5 கிராம் பவுடர்

100ஐயும் 30ஐயும் இடம் மாற்றிப் போட்டால் 0.41 கிராம் வரும். அதைப் போட்டால் தண்ணீரில் கிருமி சுகமாகவே இருக்கும். பவுடர் பழசாக ஆக அதன் பலமும் குறையும், பையில் எழுதியிருப்பது புதுச் சரக்குக்கு. அது கணக்குக்கு வெளியே உள்ள விஷயம் என்றாலும் மனதில் இருக்கட்டும்.

பாட்டிலின் மேல் எழுதியிருப்பதும், ஆய்வகத்தில் கேட்பதும்

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலப் பாட்டிலின் மேல் இரண்டு எண் இருக்கும்: 37%, அடர்த்தி 1.19. ஆய்வகத்தில் கேட்பது மோலாரிட்டி, அதாவது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல். இந்தக் கணக்கைப் பார்த்தாலே பயப்படுகிறார்கள், ஆனால் இதில் புதிதாக எதுவும் இல்லை. "கரைசல்" என்ற சொல்லையும் "அமிலம்" என்ற சொல்லையும் பிரித்து எழுதினால் போதும். 1.19 என்பது கரைசலின் அடர்த்தி: 1 மி.லி. கரைசல் 1.19 கிராம் கரைசல். 37% என்பது 100 கிராம் கரைசலில் 37 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு. அதன் மோலார் நிறை 36.46.

(1.19 கிராம் கரைசல் / 1 மி.லி. கரைசல்) × (1000 மி.லி. / 1 லிட்டர்) × (37 கிராம் அமிலம் / 100 கிராம் கரைசல்) × (1 மோல் அமிலம் / 36.46 கிராம் அமிலம்) = 12.1 மோல் அமிலம் / லிட்டர் கரைசல்

இங்கே தொடக்க அளவே ஒரு பின்னம். மேலே உள்ள அலகு (கிராம் கரைசல்) மோலாக வேண்டும், கீழே உள்ள அலகு (மி.லி.) லிட்டராக வேண்டும். இரண்டையும் தனித்தனியாகக் கவனியுங்கள். எந்த வரிசையில் செய்தாலும் ஒன்றுதான். "கரைசல்", "அமிலம்" என்ற பெயர்களை எடுத்துவிட்டால் எல்லாம் வெறும் கிராம், எதை எது அடிக்கிறது என்றே தெரியாது. நெல்லும் அரிசியும்தான் இங்கே வேறு வேஷத்தில் வந்திருக்கின்றன.

செறிவு தெரிந்த கரைசல் தயாரிப்பது இதைவிடச் சுலபம். 250 மி.லி.யில் 0.50 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும்:

0.250 லிட்டர் × (0.50 மோல் / 1 லிட்டர்) × (40.00 கிராம் / 1 மோல்) = 5.0 கிராம்

வெப்பநிலை மட்டும் விதிவிலக்கு

பாரன்ஹீட்டைச் செல்சியஸ் ஆக்கக் காரணி மட்டும் போதாது, ஏனென்றால் இரண்டுக்கும் பூஜ்யம் ஒரே இடத்தில் இல்லை. முதலில் 32ஐக் கழித்து, அப்புறம் 1.8 ஆல் வகுக்க வேண்டும்: 98.6 என்பது 37. கெல்வினுக்கு 273.15 கூட்ட வேண்டும். வெப்பநிலை *வித்தியாசம்* என்றால் காரணி செல்லும். 9 பாரன்ஹீட் டிகிரி ஏறினால் 5 செல்சியஸ் டிகிரி ஏறியதாக அர்த்தம். வாயுக் கணக்குகளில் கெல்வின் தவிர வேறு எதையும் உள்ளே விடாதீர்கள்.

எத்தனை இலக்கம் எழுதுவது

கால்குலேட்டர் காட்டுகிற பத்து இலக்கத்தையும் விடைத்தாளில் கொட்டுவது இங்கே ஒரு வியாதி. நீங்கள் அளந்த எண்ணில் எத்தனை பொருளுள்ள இலக்கங்கள் (அளந்தபோது உண்மையிலேயே தெரிந்த இலக்கங்கள்; 25இல் இரண்டு) இருக்கின்றனவோ, பெருக்கல் வகுத்தலில் அதற்கு மேல் விடைக்குத் தர முடியாது. சந்தைத் தராசில் நிறுத்த 25 கியாட்தாவுக்கு 6.986 மோல் என்று எழுதுவது ரொம்ப அதிகம், 7.0 போதும். மேலே நான் 6.99 என்று எழுதியதுகூடக் கணக்கு சரிபார்க்க வசதியாக இருக்கட்டும் என்றுதான். 2.54 போன்ற வரையறை எண்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அவை முழுத் துல்லியமானவை. நடுவில் எங்கேயும் சுருக்காதீர்கள். சங்கிலி முழுவதையும் ஒரே தடவையில் கால்குலேட்டரில் போட்டு, கடைசியில் ஒரு முறை சுருக்குங்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

ஒரு கியாட்தா தூய தங்கத்தில் எத்தனை அணுக்கள்? தங்கத்தின் மோலார் நிறை 196.97. (விடை: 4.99 × 10²². ஐந்துக்குப் பின்னால் இருபத்திரண்டு பூஜ்யம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.)

3 பியி அரிசி எத்தனை கிலோ? கூடையையும் பவுண்டையும் தாண்டிப் போக வேண்டும். (6.38 கிலோ.)

ஒரு மோல் சர்க்கரை வேண்டும், கடைக்காரரிடம் எத்தனை கியாட்தா கேட்பீர்கள்? சுக்ரோஸின் மோலார் நிறை 342.30. இங்கே மோலில் தொடங்கி எதிர்த் திசையில் போக வேண்டும். (20.96; 21 என்று கேளுங்கள்.)

மேலே கண்ட 12.1 மோலார் அமிலத்திலிருந்து 500 மி.லி. அளவுக்கு 0.60 மோலார் அமிலம் தயாரிக்க வேண்டும். பாட்டிலிலிருந்து எத்தனை மி.லி. எடுப்பது? இரண்டு கரைசல்கள் இருப்பதால் "அடர் கரைசல்", "நீர்த்த கரைசல்" என்று பெயர் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் பொதுவாக இருப்பது அமிலத்தின் மோல். (24.8 மி.லி. குடுவையில் முதலில் பாதிக்கு மேல் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அதற்குள் அமிலத்தை மெதுவாக ஊற்றி, ஆறியபின் 500 கோடு வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.)